கேப்டனின் மழைச்சட்டை

—காதுல மாட்டு அதை.

—மாட்ட மாட்டேன்.

—எர்மெஸ், ரேடியோவுல கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போச்சு. நீ என்னடான்னா காதுல இருந்து பிடுங்கி முதுகுல தொங்க விட்டுட்டுச் சைக்கிளை ஓட்டுறே. அதான் மேனேஜர் காரையே உன் பக்கத்துல கொண்டாந்துட்டேன். இப்ப நேருக்கு நேரா சொல்றேன். பிரேக்கைப் பிடி. நில்லு.

—ஓரெஸ்தே அண்ணே, கொஞ்சம் பின்னாடி போங்க. உங்க கார் புகை மூஞ்சில அடிக்குது.

—புகையா? மாதாவே, இவனுக்குப் புகை அடிக்குதாம்! நம்ம டீமே பத்தி எரியுது, இவன் கார் புகையைப் பத்திப் பேசுறான். பந்தயக் கூட்டம் உன்னை எதுக்கு முன்னாடி விட்டுச்சு? சொல்லு.

—தெரியும்ல உங்களுக்கு.

—உன் வாயால கேக்கணும் எனக்கு.

—என் ஊர் வந்துச்சு. வீட்டு ஆளுங்களைப் பார்த்துக்கன்னு விட்டாங்க.

—பார்த்துக்கன்னு விட்டாங்க. ஓடிப்போன்னு விட்டாங்களா? பந்தயம் ஒருத்தனோட ஊரைத் தொட்டா, அவனை ஒரு கூப்பிடு தூரம் முன்னாடி அனுப்புவாங்க. பொண்டாட்டிக்கு ஒரு முத்தம், பிள்ளைக்கு ஒரு முத்தம். அப்புறம் ஓரமா நின்னு, கூட்டம் வந்ததும் வாலைப் பிடிச்சுக்கணும். நான் ஓட்டின காலத்துலயும் அதான், எனக்கு முன்னாடியும் அதான். எவனும் எழுதி வெக்காத சட்டம். கழுத்தறுத்துக்கிற பயலுங்ககூட அந்த இடத்துல மரியாதையா மெதுவாப் போவானுங்க. நீ முத்தம் குடுக்கப் போறேன்னு சொல்லிட்டுத் திருடன் மாதிரி ஓடிட்டே. இத்தாலியே பார்த்துக்கிட்டு இருக்கு.

—நான் நின்னேன் அண்ணே.

—நின்னியா?

—என் பொண்டாட்டி நிவெஸ் கடை வாசல்ல நின்னேன். ஒரு காலைத் தரையில ஊனிட்டேன். அவ கூட்டத்தை விலக்கிக்கிட்டு ஓடி வந்தா.

—அப்புறம் என்ன கேடு? முத்தத்தை வாங்கிட்டு நிக்க வேண்டியதுதானே?

—வந்தவ என் மூஞ்சியைப் பார்க்கலை. என் தோளுக்கு மேல எட்டி ரோட்டைப் பார்த்தா. "சவேரியோ எங்கே? நல்லா இருக்கானா?" இதான் அவ வாயில இருந்து வந்த முதல் வார்த்தை.

—அட, இதுக்கா? கேப்டனை விசாரிச்சிருக்கா. பந்தயத்துல முதல்ல இருக்கிறவன், ஆரஞ்சுச் சட்டை போட்டவன். ஊர் உலகமே அவனைத்தான் விசாரிக்குது.

—உலகம் விசாரிக்கட்டும். அது என் ஊர். என் வாசல். நான் போன மாசம் அவளைப் பார்த்தது, அதுவும் ரெண்டு ராத்திரி. இன்னைக்கு அவ கண்ணு என்னைத் தாண்டிப் போகுது அண்ணே. நான் என்ன விளக்குக் கம்பமா?

—வேகத்தைக் குறை, பேசிக்கலாம்.

—வேகமாத்தான் பேச வரும் எனக்கு. எங்க ஊர் கடை வாசல்ல பலகை பார்த்தீங்களா?

—நான் உன்னைத் துரத்திக்கிட்டு வந்தேன், பலகையா படிச்சேன்?

—"சவேரியோ ரசிகர் மன்றம், கஸ்தெனேல்லா கிளை." என் பொண்டாட்டி காபிக்கடை. நான் வெயில்லயும் பனியிலயும் மிதிச்சுச் சேர்த்து வாங்கின கடை. அதுல அவன் பேர்ல மன்றம். செவுத்துல அவன் படம். ஞாயித்துக்கிழமை அவன் ஜெயிச்சா எல்லாருக்கும் ஒரு கிளாஸ் ஒயின் இலவசம். எங்க அம்மா பொலெந்தா சோளக்களி கிண்டிக் குடுத்து அனுப்புறாங்க.

—சரி, ஊருக்கு ஒரு பைத்தியம்.

—ரோட்டைப் பார்த்தீங்களா? அதையாவது பார்த்திருப்பீங்களே. வெள்ளை பெயின்ட்டுல, சர்ச் முக்குல இருந்து பாலம் வரைக்கும், சவேரியோ, சவேரியோ, சவேரியோ. என் சொந்த மச்சான் எழுதியிருக்கான். அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? குனிஞ்சு என் பேரைத் தேடிக்கிட்டே வந்தேன். கடைசி வீடு வரைக்கும் தேடினேன். ஒரு எழுத்துகூட இல்லை அண்ணே. பிறந்த ஊர் ரோட்டுல அடுத்தவன் பேரு மேல சக்கரத்தை உருட்டிக்கிட்டு வந்தேன்.

—அப்ப இதுக்குப் பேரு பொறாமை.

—ஆமா. பொறாமைதான். வயிறு எரியுது. வேற எந்தப் பேரும் வேண்டாம் அதுக்கு.

—கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதே. உன் பொண்டாட்டிக்கும் அவனுக்கும்...

—வாயை மூடுங்க.

—மூடிட்டேன்.

—அப்படி எதுவும் இல்லை. இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். ஒருத்திதான் போனாள்னு விட்டிருப்பேன். இவன் பின்னாடி என் ஊரே போச்சு.

—இந்தா, தண்ணி குடி முதல்ல. உதடு வெளுத்துப்போச்சு.

—உங்க தண்ணி வேணாம்.

—குடிடா மடையா, தண்ணிக்கு என்ன கோபம். ம்... ஒரே மடக்குல குடிக்காதே. இப்ப நான் சொல்றதைக் கேட்டுக்க. செவ்வாய்க்கிழமை முன்னாடி ஓடின நாலு பேரைக் காவல் காக்க உன்னை அனுப்பினேன். அதுல கிடைச்ச நேரத்தால நீ மொத்த நேரக் கணக்குல சவேரியோவுக்கு ஒரு நிமிஷம்தான் பின்னாடி இருக்கே. இப்ப ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டே. அதாவது, இந்த நிமிஷம் அந்த ஆரஞ்சுச் சட்டை அவன் முதுகுல இருந்து உன் முதுகுக்கு வந்தாச்சு. இது தெரியுமா உனக்கு?

—பாலம் தாண்டினதுமே கணக்குப் போட்டுட்டேன்.

—போட்டுட்டியா! நான் பாவம் ஏதோ கோவத்துல போறான்னு நினைச்சேன்.

—கோவத்துலதான் போனேன். கணக்கு தன்னால வந்துச்சு.

—பின்னாடி என்ன நடக்குது தெரியுமா? பிரெஞ்சுக்காரங்க டீம் சைக்கிள் மேல சாஞ்சு உக்காந்துக்கிட்டுச் சிரிக்குது. "உங்க ஆள் ஓடுறான், நீங்களே பிடிச்சுக்கங்க"ன்றானுங்க. நாம பிடிக்கப் போனா நம்ம ஆளையே நாம துரத்தின கேவலம். போகலைன்னா கேப்டன் சட்டை போகும். சவேரியோ நடுவுல பேசாம வர்றான். அவன்கூட இருக்க வேண்டிய ஒரே ஆள் நீ. மலையில அவனுக்குக் காத்து மறைக்கிறவன் நீ. இப்ப அனாதை மாதிரி வர்றான்.

—அனாதையா? அவனா? ஒரு நாளாவது தனியா வந்து பார்க்கட்டும்.

—ஒன்பது வருஷம் அவனுக்கு உழைச்சவன் பேசுற பேச்சா இது?

—ஒன்பது வருஷத்தை விடுங்க. இந்த ஒரு சீசன் போதும். பிப்ரவரியில ஸ்பெயின்ல அவன் டயர் போச்சு. என் சக்கரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு, ஒரு ஆட்டுக்காரன் பக்கத்துல மழையில நின்னேன். அவன் ஜெயிச்சான். ஏப்ரல்ல வடக்க, அந்தக் கல்லு ரோட்டுல விழுந்தான். என் சைக்கிளையே குடுத்தேன். அவனுதை உருட்டிக்கிட்டு நடந்து வந்தேன், கூட்டம் கைகொட்டிச் சிரிச்சுது. மே மாசம் என்ன நடந்துச்சு அண்ணே? அதை நீங்க சொல்லுங்க.

—அது வேற விஷயம்.

—சொல்லுங்க.

—மே மாசம் நீ மலையில தனியா முன்னாடி போனே.

—ஜெயிக்கப் போனேன். கோடு கண்ணுக்குத் தெரிஞ்ச தூரம். வாழ்க்கையில முதல் தடவை என் முன்னாடி எவன் சக்கரமும் இல்லை. காதுல உங்க குரல் வருது. "எர்மெஸ், நில்லு, சவேரியோ திணறுறான், வந்து கூட்டிக்கிட்டுப் போ." நின்னேன். ரோட்டோரம் காலை ஊனி நின்னேன். ஒருத்தன் என் பக்கத்துல வந்து, "தம்பி, பஸ்ஸுக்கு நிக்கிறியா?"ன்னு கேட்டான். அன்னைக்கு ராத்திரி நம்ம ஓட்டல்ல கேக் வெட்டினீங்க. அதுல யார் பேரு இருந்துச்சு?

—உனக்கும் ஒரு துண்டு குடுத்தேன்டா.

—குடுத்தீங்க. ஓரத்துத் துண்டு.

—இதான் தொழில், எர்மெஸ். பல்லக்குல ஒருத்தன், தோள் குடுக்க நாலு பேரு. நான் பன்னெண்டு வருஷம் தோள் குடுத்தேன். என் பேரு எந்த ரோட்டுலயும் இல்லை. செத்தா போயிட்டேன்?

—உங்களுக்கு ஆசையே வரலையா?

—எனக்கு வந்ததை உன்கிட்ட ஏன் சொல்லணும்? இப்ப நேரம் அதுக்கில்லை. அடுத்த வருஷத்துக்கு உன் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகலை. யாரு சொன்னா ஆகும் தெரியுமா?

—அவன் சொன்னா ஆகும். என் வீட்டு அடுப்பு அவன் சொல்லுக்கு எரியுது. இதைச் சொன்னா நான் நிப்பேன்னு நினைச்சீங்க பாருங்க. இதுக்கே கியரை இன்னும் ரெண்டு பல் ஏத்தி மிதிக்கலாம் போல இருக்கு.

—முப்பத்தஞ்சு வயசுல எந்த டீம் உன்னை எடுக்கும்? ஊர்ல முத்தம் குடுக்கற இடத்துல முதுகுல குத்தினவன்னு பேரு ஒட்டிக்கும். சாகுற வரைக்கும் போகாது.

—பேரா? பரவாயில்லை அண்ணே. ஏதோ ஒரு பேராவது வரட்டும்.

—மாதாவே, இவன்கிட்ட என்ன பேசுறது! மேல பாரு. கோர்வோ கணவாய் தெரியுதா?

—தெரியலை.

—ஏன் தெரியலை? மேகம் மூடிருச்சு. மேல ஐஸ் மழை பெய்யுதுன்னு இப்பத்தான் நடுவர் பைக்குல இருந்து சொன்னாங்க. உச்சி வரைக்கும் ஏறும்போது உடம்பு சூடா இருக்கும். அந்தப் பக்கம் இறங்கும்போதுதான் தெரியும். உன் முதுகுப் பையில என்ன இருக்கு?

—இந்த வளைவு தாண்டினா ஏத்தம்தானே?

—எர்மெஸ், பையில என்ன இருக்கு? ஏதோ வெள்ளையா துருத்திக்கிட்டு இருக்கே.

—மழைச்சட்டை.

—யாருது?

—அவனோடது.

—அவனோடதா! காலையில எழுந்ததும் எப்பவும்போல அவன் சட்டையை எடுத்து உன் பையில திணிச்சுக்கிட்டே.

—பையில ஒன்னுக்குத்தான் இடம். பழக்க தோஷம். கிளம்பும்போது நான் ஓடப் போறேன்னு எனக்கே தெரியாதே.

—உன்னோடது?

—ரெண்டாவது கார்ல. அவன் மாத்துச் சட்டையும் அதுலதான் இருக்கும்.

—ரெண்டாவது கார் சிதறிக் கிடக்கிற கூட்டத்துக்குப் பின்னாடி, ரெண்டு மலைக்கு அந்தாண்ட கிடக்கு. குறுகல் ரோடு, முன்னாடி விட மாட்டேன்றாங்க. எங்கிட்ட இங்க சக்கரமும் தண்ணியும்தான். அப்ப, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து இந்த மலையில இருக்கிறது ஒரே ஒரு சட்டை. அது உன் முதுகுல.

—ஆமா.

—குடு. உச்சியில காரை ஓரங்கட்டி நின்னு அவன் கையில குடுத்துடறேன். நீ ஓடு, போ, நான் தடுக்கலை. ஜெயிச்சுக்க. சட்டையை மட்டும் குடுத்துட்டுப் போ.

—எனக்கு?

—உனக்கு எருமைத்தோல். அவன் நூல் மாதிரி இருக்கான், குளிர் தாங்க மாட்டான்.

—எனக்கா தெரியாது? குளிர்ல அவனுக்கு முதல்ல சுண்டுவிரல் மரத்துப்போகும். அப்புறம் கை முழுக்க. ஏப்ரல்ல அவன் கையுறையை என் பல்லால கடிச்சு இழுத்து மாட்டிவிட்டேன். சாக்லேட் காகிதத்தைப் பிரிச்சு வாயில ஊட்டினேன். ஒன்பது வருஷமா ஒரே அறை. அவன் தூக்கத்துல என்ன பேசுவான்னுகூடத் தெரியும்.

—அப்புறம் என்ன? குடு.

—யாராவது குடுப்பாங்க அவனுக்கு. ஒரு மன்றத்துக்காரன் ஓடி வந்து கோட்டைக் கழட்டிக் குடுப்பான். அவனுக்குன்னா உலகத்துல யார்தான் குடுக்க மாட்டாங்க?

—கோர்வோ உச்சியில ஆடு கூட நிக்காது இன்னைக்கு. எர்மெஸ், நான் கையை நீட்டிக்கிட்டே ஓட்டறேன். வளைவு வருது. குடுடா.

—எனக்கும் குளிரும் அண்ணே.

—டேய்.

—எனக்கும் குளிரும். ஒன்பது வருஷத்துல ஒரு தடவை யாராவது கேட்டீங்களா, எர்மெஸ் உனக்குக் குளிருதான்னு? நான் போட்டுக்கப் போறேன்.

—போடாதே. ஹெலிகாப்டர் மேலயே நிக்குது, கேமராவுல தெரியும். அதுல அவன் பேரு எழுதியிருக்கு.

—தெரியட்டும். ச்சே, இந்தக் கை நுழைய மாட்டேங்குது. காத்துல அடிச்சுக்குது. அண்ணே, அந்தக் கையைப் பிடிங்க.

—நானா?

—பிடிங்க, விழுந்துடுவேன்.

—நாசமாப் போறவனே... நீட்டு. இந்தா. முழங்கையை மடக்கு. நான் இதைச் செய்யலை, கேட்டுக்க. யார் கேட்டாலும் ஓரெஸ்தே இதைச் செய்யலை. நுழைஞ்சுதா?

—நுழைஞ்சுது. கழுத்துல இறுக்குது. அவன் அளவு.

*

—உள்ள வரலாமா?

—நிவெஸா? வா. படி ஈரமா இருக்கு, பார்த்து. டீம் பஸ்ஸுல யாரும் இல்லை, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. நீ எப்படி வந்தே?

—மன்றத்து வண்டியில. ஏரிக்கரையில விட்டாங்க, கூட்டத்துல நீந்தி வந்தேன். ஏன் இருட்டுல உக்காந்திருக்கே?

—திரையை இழுத்து விட்டிருக்கேன். வெளிய போட்டோக்காரனுங்க. எங்கே போய் உக்காரப் போறே? இங்க வா. பாரு.

—பார்த்தேன். ஆரஞ்சு உனக்கு நல்லாத்தான் இருக்கு.

—பொம்மைக் கோப்பை இல்லை, நிஜக் கோப்பை. தூக்கிப் பாரு, கனமா இருக்கு. இன்னைக்கு ஓட்டத்துலயும் நான்தான் முதல், மொத்தக் கணக்குலயும் நான்தான் முதல். நாளைக்கு ஒருநாள் காப்பாத்திட்டா பந்தயமே எனக்கு. பன்னெண்டு வருஷ சைக்கிள்ல இன்னைக்குத்தான் முதல் ஆளா கோட்டைத் தொட்டேன்.

—சரி. சவேரியோ எப்படி இருக்கான்?

—வந்துடுச்சு பார்த்தியா! வந்துடுச்சு! இன்னும் உக்காரக்கூட இல்லை நீ.

—விழுந்தவனைக் கேக்கக் கூடாதா?

—கேளு. எல்லாரும் கேளுங்க. மேடையில ஏறி நிக்கிறேன், பூச்செண்டு குடுக்கறாங்க. பத்து மைக்கு மூஞ்சிக்கு முன்னாடி நீளுது. முதல் கேள்வி என்ன தெரியுமா? "சவேரியோவுக்கு எப்படி இருக்கு?" ரெண்டாவது கேள்வி, "அவர் மழைச்சட்டையை நீங்க ஏன் போட்டீங்க?" மூணாவது கேள்வி கேக்க ஆளே இல்லை, எல்லாரும் ஆம்புலன்ஸ் பின்னாடி ஓடிட்டாங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டே என்னை ஜெயிச்சுட்டான் நிவெஸ். நின்னாலும் அவன்தான், விழுந்தாலும் அவன்தான்.

—எப்படி இருக்கான்னு நீ இன்னும் சொல்லலை.

—தோள் எலும்பு ரெண்டு துண்டு. கோர்வோ இறக்கத்துல, முதல் பெரிய வளைவுல. பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்கலையாம். நேரா போய் செவுத்துல மோதியிருக்கான். உயிருக்கு ஒன்னுமில்லை. சீசன் முடிஞ்சுது அவனுக்கு.

—விரல் மடங்கலை.

—ஆமா.

—குளிர்ல.

—ஆமான்றேன்ல.

—நீ சட்டையை மாட்டினதை டிவியில பார்த்தோம். பெரியவர் காருக்குள்ள இருந்து கை பிடிச்சுவிட்டாரு. எங்க அப்பா எழுந்து தொப்பியை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரு. உங்க அம்மா எல்லா கிளாஸையும் ஒன்னு விடாம கழுவினாங்க, கழுவினதையே திரும்பக் கழுவினாங்க.

—ஊர்ல யாருமே கைதட்டலையா? நான் கோட்டைத் தொட்டப்போ?

—தட்டினாங்க. ரெண்டு மூணு பேரு. அப்புறம் யாரும் தட்டலைன்னு அவங்களும் நிறுத்திட்டாங்க.

—நினைச்சேன். ஊர்ப் பையன் ஜெயிச்சா இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க. அவன் ஜெயிச்சா ஒயின் ஓடும்.

—எர்மெஸ், நம்ம வாசல்ல நின்னவன் ஏன் அப்படி ஓடினே? பிள்ளை உன் பக்கம் கையை நீட்டிக்கிட்டு இருந்தா. நீ அவளைத் தூக்கலை.

—நீ ஏன் என்னைப் பார்க்கலை? அதைச் சொல்லு முதல்ல. என் தோளுக்கு மேல யாரைத் தேடினே?

—சவேரியோவை.

—வெக்கமில்லாம சொல்றே.

—இதுல வெக்கம் என்ன இருக்கு? காலையில டிவியில அவனுக்கு வயிறு சரியில்லைன்னு சொன்னாங்க. ராத்திரி முழுக்க வாந்தின்னாங்க. கடையில எல்லாருக்கும் ஒரே கவலை. அதான் உன்னைப் பார்த்ததும் கேட்டேன்.

—அவன் வயித்துக்கு என் ஊருக்கு என்ன கவலை? அவனுக்கு மன்றம் வெச்சது யாரு யோசனை? நீதானே? நான் வீட்டுக்கு வந்தா காபி குடிக்கிற இடத்துல, அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுக் குடிக்கணும். ஒரு தடவையாவது நினைச்சியா, இந்த மனுஷன் மனசுல எப்படி இருக்கும்னு?

—ஒன்பது வருஷத்துல ஒரு தடவையாவது நீ வாயைத் திறந்து கேட்டியா? வருவே, சாப்பிடுவே, செத்த பொணம் மாதிரி தூங்குவே, கிளம்பிடுவே. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்யா. ஊருக்கே தெரிஞ்சது உனக்குத் தெரியாம இருக்கும்னு யாரு கண்டா?

—என்ன தெரியும்?

—நீ எப்பவாவது பந்தயத்தை டிவியில பார்த்திருக்கியா?

—நான் எப்படிப் பார்ப்பேன்? நான் பந்தயத்துல இருக்கேன்.

—அதான். நாங்க பார்ப்போம். நீ இந்த டீம்ல சேர்ந்து டிவியில வர்ற பந்தயத்துக்குப் போன முதல் வருஷம், கடையில பெரிய டிவி வாங்கி மாட்டினேன். உங்க அம்மா தலையெல்லாம் வாரிக்கிட்டு வந்து முதல் நாற்காலியில உக்காந்தாங்க. மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் பார்த்தோம். உன்னை ஒரு தடவை காட்டலை. அடுத்த நாளும் காட்டலை. நூத்தம்பது பேரு ஓட்டுற கூட்டத்துல, தண்ணி தூக்கறவனை எந்தக் கேமரா காட்டும்? மூணாவது நாள் உங்க அம்மா என் காதுகிட்ட வந்து, "நிஜமாவே பந்தயத்துக்குத்தான் போயிருக்கானா, இல்லை வேற எங்கேயாவது வேலை பார்க்கறானா?"ன்னு கேட்டாங்க. சிரிக்காதே.

—நான் சிரிக்கலை.

—அழவும் செய்யாதே, நான் இன்னும் முடிக்கலை. எனக்குக் கோவம் இருக்கு உன் மேல, நிறையவே இருக்கு. அந்தப் பையன் விரல் மடங்காமப் போனதை என்னால மறக்க முடியலை. நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டவன் அவன்.

—தெரியும். எனக்கும் அதேதான் ஓடுது மனசுல. இந்தக் கோப்பையை அந்தாண்ட வை.

—வெச்சுட்டேன், கேளு. அப்புறம் ஒருநாள் என் தம்பிதான் கண்டுபிடிச்சான். மலை ஏறும்போது கேமரா கேப்டன் மேலதான் இருக்கும், நகரவே நகராது. ஆனா கேப்டன் தனியா ஏற மாட்டான்ல. அவனுக்குக் காத்து மறைக்க ஒருத்தன் முன்னாடி இருப்பான்ல. தம்பி நாற்காலி மேல ஏறி, திரையைக் கையால தட்டி, "இதோ, இதோ, இந்த முதுகு நம்ம எர்மெஸ்!"னு கத்தினான். உங்க அம்மா எழுந்து போய் அந்தத் திரையைத் தொட்டுக் கும்பிட்டாங்க.

—நிவெஸ்.

—அன்னைக்கு வெச்சதுதான் மன்றம். சவேரியோ நல்லா ஓட்டினா கேமரா அவன் மேல நிக்கும். அவன் பின்தங்கினா, அவனை விட்டுட்டு வேற எவனையாவது காட்டப் போயிடுவாங்க, நீயும் காணாமப் போயிடுவே. அதான் அவன் வயிறு சரியில்லைன்னதும் ஊரே பதறிச்சு. அவன் ஜெயிக்கணும்னு உங்க அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறதும் அதுக்குத்தான். அவன் அழகன்னு மயங்கின குட்டிகளும் ரெண்டு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. மத்தபடி மன்றம் அவன் பேர்ல இருக்கு, அவ்வளவுதான். ஒன்பது வருஷமா நம்ம ஊர் கூடி உக்காந்து பார்த்தது உன் முதுகைத்தான்யா.